கரியாஹாட்டில் மூச்சுவிட இடமில்லை

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள கரியாஹாட் சந்திப்பில் சாதாரண நாட்களில் நடக்க இடமிருக்காது. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் நிற்கவும் இடமிருக்காது. ராஷ்பிஹாரி அவென்யூவின் இரு பக்கமும் ஜவுளிக் கடைகள். அவற்றை மறைத்தபடி நைட்டி, செருப்பு, வளையல், தலையணை உறை என்று நடைபாதைக் கடைகள். மிச்சமிருக்கும் சந்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நகர்கிறார்கள். நகர்வது என்பதுகூட மரியாதைக்குத்தான்; உண்மையில் தள்ளப்படுகிறார்கள்.

பேரத்துக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. கடைக்காரர் 'பௌதி', அதாவது அண்ணி என்று உறவு கொண்டாடி ஒரு விலை சொல்வார். பௌதி அதில் பாதியைக் கேட்டு, கோபித்துக்கொண்டு நாலடி நடக்க வேண்டும். பூஜைக் கூட்டத்தில் நாலடி நடக்க முடியாது. கடைக்காரருக்கு லாபம்.

பந்தலுக்கு மூங்கில் கட்டி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி வந்துவிடுகிறது. ஒரு முனையில் பழைய வங்காளப் பூஜைப் பாடல், மறுமுனையில் இந்தி சினிமாப் பாட்டு. இரண்டும் சேருமிடத்தில் நிற்பவருக்கு எதுவும் புரிவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விழாக்காலத்தில் நள்ளிரவுவரை சலுகை தர மாநில அரசுக்கு அனுமதி உண்டு என்றும் அவையே சொல்கின்றன.

இந்தத் தொல்லைகளுக்கு வைத்தியம் பார்க்காமல் இல்லை. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. பிழைப்பு போன வியாபாரிகள் போராடினார்கள். காலப்போக்கில் கடைகள் திரும்பி வந்தன. கூட்டத்தைச் சபித்தவர்களே மலிவு விலை தேடி அங்கே போனார்கள். பூஜைக்கால விற்பனைதான் அந்த வியாபாரிகளுக்கு மந்தமான மாதங்களைத் தாங்கும் கைமுதல். மாலையில் ஒரு மழை பெய்தால் பாதசாரிக்கு நிம்மதி, கடைக்காரருக்கு நஷ்டம்.

சத்தத்தின் கதையும் இதுதான். மகாளய விடியலில் வானொலியில் வரும் 'மகிஷாசுரமர்த்தினி' 1931இல் தொடங்கியது. பீரேந்திர கிருஷ்ண பத்ரவின் குரல் அதன் அடையாளம். 1976இல் அதற்குப் பதிலாக சூப்பர் ஸ்டார் உத்தம்குமாரின் குரலில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். ஊரே கொதித்தது. பழைய குரல் திரும்பியது.

பைகள் கனக்க வீடு திரும்புகிறவர்கள், அடுத்த வருஷம் ஆகஸ்டிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடுவதாகச் சபதம் செய்கிறார்கள். ஆகஸ்டிலும் கரியாஹாட்டில் கூட்டம்தான். போன வருஷம் சபதம் செய்தவர்கள் வந்திருக்கிறார்கள்.