சங்கல்பத்தில் சொல்லும் நாடு

டொராண்டோவில் மகனோடு வாழும் அந்த அம்மையாருக்கு வயது 53. கனடாவில் குடியுரிமை கோருவோர் 18 முதல் 54 வயதுவரை தேர்வு எழுதியாக வேண்டும். 20 வினாக்களுள் 15-க்குச் சரியான விடை வேண்டும். "இரண்டு ஆண்டு பொறுத்தால் தேர்வே எழுத வேண்டாம், அம்மா" என்றான் மகன்.

அவரோ மாலைதோறும் படித்தார். 10 மாகாணங்கள், 3 ஆட்சிப்பகுதிகள், 3 பெருங்கடல்கள், தென்னெல்லையில் 5 பேரேரிகள். நடுச் சமவெளிகளில் குளிர்காலம் கடுமையானது, கோடை வெப்பமானது. மேற்குக் கரையிலோ பசிபிக் கடற்காற்று குளிரைத் தணிக்கிறது. பாடம் எளிதில் மனத்தில் பதிந்தது, மனந்தான் தயங்கியது. புதிய குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். காவிரிக்கு அயலாளாகிவிடுவோமோ என்று கலங்கினார்.

ஒருநாள் வீட்டுப் பூஜையில் அர்ச்சகர் சங்கல்பம் செய்துவைத்தார். பாரதவர்ஷம் என்று கேட்டுப் பழகிய இடத்தில் அந்நிலத்தைக் குறிக்கும் பெயர் ஒலித்தது. அயனம், ருது, மாதம், திதி தொடர்ந்தன. பின்னர்க் கலசத்தில் கங்கையையும் காவிரியையும் ஆவாகனம் செய்தார். கலசத்தில் இருந்ததோ குழாயில் வந்த ஒன்டாரியோ ஏரி நீர்.

அன்றிரவு அம்மையார் புத்தகத்தை மீண்டும் விரித்தார். "நிற்கின்ற மண்ணை மறைக்காமல் சொல்வதுதானப்பா சங்கல்பம். காவிரி, அழைத்த இடத்துக்கு வருவாள். இவ்வாண்டே எழுதிவிடுகிறேன்" என்றார்.