பின்னே வருபவனுக்கு ஒரு சொல்

ஜபல்பூரில் குடியேறி வாழும் நம்மவர்க்குச் சக்திமான் லாரியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஜெர்மானிய எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்துடன் 1959-ஆம் ஆண்டு இந்நகரில் உருப்பெறத் தொடங்கிய படைவண்டி அது. 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும், ஏலத்தில் கைமாறிய பழைய வண்டிகள் அதன் பின்னரும் பாரம் சுமந்தன.

அத்தகைய வண்டி ஒன்றினால் குடும்பம் நடத்திய நம் இளைஞர் ஒருவர், ஒரு மார்கழி மாலையில் எங்களிடம் வந்தார். பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் எரியவில்லை. விடியுமுன் செங்கல் ஏற்றிக்கொண்டு நாக்பூர்ச் சாலையில் புறப்பட வேண்டும். படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு சென்றோம்.

படைவண்டிகள் பலவற்றில், பகைவர் கண்ணிற்படாதிருக்கும் பொருட்டு விளக்குகளை ஒருசேர அடக்கும் சுவிட்சு உண்டு. அது இருட்டடிப்பு நிலையிலிருந்தால், பழுதில்லாத பிரேக் விளக்கும் எரியாது. ஆகவே முதலில் அதனைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது.

"தம்பி, ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் அந்த விளக்கண்டை போ. இரண்டும் அணைந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடு" என்றார் பெரியவர். எத்துணை எளிய விதி! பியூசும் பல்புகளும் பழுதின்றி இருந்தன. பல்பின் வோல்ட் அளவு பாட்டரிக்குப் பொருந்துகிறதா என்றும் நோக்கினார். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு நொடியிற் கருகிவிடும். பிறகு பிரேக் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்தார். இடது விளக்கு பளிச்சென்று எரிந்தது. வலது விளக்கு மின்மினிபோல் மங்கியது.

ஆக, குற்றங்கள் இரண்டு. மின்சாரம் சுவிட்சு வரை வந்தும் அதனைக் கடக்கவில்லை. எனவே சுவிட்சு கெட்டது. வலப்புறத்தில் விளக்குக்கூடு சட்டத்தைத் தொடுமிடத்தில் துரு ஏறி, மின்சாரம் திரும்பும் வழியை அடைத்திருந்தது. "முதலில் துருவைச் சுரண்டு, பிறகு காசைச் செலவழி" என்றார் பெரியவர். உப்புத்தாளால் தேய்த்ததும் வலது விளக்கும் ஒளிர்ந்தது.

சுவிட்சுக்கோ கடை திறக்க வேண்டும். "இந்த வயர் இப்படியே இருக்கட்டும் ஐயா, விளக்கு எரிகிறதே!" என்றார் இளைஞர். ஒரு நாள் வாடகை போனால் அவர் வீட்டில் என்ன நேரும் என்பதை நாங்கள் அறிவோம். பெரியவர் வயரைப் பிடுங்கினார். "எப்போதும் எரிகிற விளக்கு எதையும் சொல்லாது, தம்பி. நீ நிற்கப் போகிறாய் என்று பனியில் பின்னே வருகிறவனுக்கு யார் சொல்வது?"

வண்டி அன்று புறப்படவில்லை. மறுநாள் புதுச் சுவிட்சு பொருத்தினோம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகை அது. ஆதலால் குழாயிற் புகுந்த காற்றையும் வெளியேற்றிப் பிரேக்கைச் சோதித்த பின்னரே சாவியைக் கொடுத்தார் பெரியவர்.

வாகனம் வைத்திருக்கும் அன்பர்களே! ஓட்டுநர் தம் பின்விளக்கைத் தாமே காண முடியாது. ஆகவே புறப்படுமுன் வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். அரை நிமிட வேலை. காக்கப்படுவதோ, நாம் முகமறியாத ஒருவரின் உயிர்.