வழியில் இருக்கும் ஊர்

நம் மகள் மணமாகிச் சென்றிருக்கும் நாட்டின் பெயரைச் சொன்னால், நம் ஜமாஅத்தில் பலர் அது ஏதோ நகரத்தின் பெயர் என்றே எண்ணிக் கொள்கின்றனர். லக்சம்பர்க் என்பது அதன் பெயர். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் சின்னஞ்சிறு நாடு. பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர். நம் திண்டுக்கல் மாவட்டமோ 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஆக, அந்த நாடு நம் மாவட்டத்தில் பாதியளவு கூட இல்லை! ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பாரிசுக்கும் பிரஸ்ஸல்சுக்கும் போவார்களே தவிர, இந்நாட்டை ரயில் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போவதே வழக்கமாம்.

மாப்பிள்ளை அவர்கள் அங்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அனுப்பிய படங்களை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஊர் நடுவே ஒரு பெரும் பாறை. கி.பி. 963-ல் ஒரு பிரபு அப்பாறையைப் பெற்று அதன் மேல் கோட்டை கட்டினார். அதிலிருந்தே நாடு பிறந்தது. பின்னர் ஸ்பெயின்காரரும், பிரெஞ்சுக்காரரும், ஆஸ்திரியரும் மாறி மாறிப் பிடித்து, பாறையைக் குடைந்து மைல் கணக்கில் சுரங்கங்கள் அமைத்தனர். 1867-ல் இலண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கோட்டையை இடித்துவிட வேண்டியதாயிற்று. இடித்து முடிக்கப் பதினாறு ஆண்டுகள் பிடித்தனவாம். அப்படியும் எஞ்சிய சுரங்கங்களைக் கண்ணாகப் பாதுகாத்து, 1994-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியையும் பெற்றுவிட்டார்கள். ஊருக்குள் பேருந்தில் ஏறினாலும் ரயிலில் ஏறினாலும் 2020 மார்ச் முதல் கட்டணம் கிடையாது. நாம் அதைக் கேட்டு வியந்து, "கொடுத்து வைத்த ஊர்" என்று தொலைபேசியில் சொன்னோம்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு அவர்கள் வந்திருந்தார்கள். வந்த மறுநாள் காலை, பசியாறி முடிந்த பின் மாப்பிள்ளை கேட்டார்:

"மாமா, உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்னென்ன இருக்கின்றன?"

நம் வாயில் தயாராக இருந்த பதில், "இங்கே என்ன இருக்கிறது மாப்பிள்ளை? நாளைக்குக் கொடைக்கானல் போய்விடலாம்" என்பதுதான். அதையே சொல்லியும் விட்டோம். பக்கத்தில் அமர்ந்து இட்லியைப் பிட்டுக் கொண்டிருந்த பத்து வயதுப் பேத்தி நிமிர்ந்து பார்த்து, "நன்னா, அந்த மலை மேல என்ன இருக்கு?" என்றாள்.

அவள் கை நீட்டிய சன்னலில் நம் மலைக்கோட்டை தெரிந்தது. நாமும் அந்தச் சன்னல் வழியே அதைத் தினமும் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கடைசியாக அதில் ஏறியது நம் பதினான்காவது வயதில், அத்தாவின் கையைப் பிடித்துக் கொண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் அனுப்பி வைத்தே நம் ஆயுளில் பெரும் பகுதி கழிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அன்று நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கொடைக்கானல் பயணம் ஒத்திவைக்கப்பட்டது.

திண்டைப் போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இக்கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். ஆண்டு 1605. திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்தினார். பின்னர் மைசூர்ப் படை வந்தது. 1755-ல் இங்கே பௌஜ்தாராக நியமிக்கப்பட்டு வந்தவர் வேறு யாருமல்லர், ஹைதர் அலி அவர்கள்தாம். பிற்காலத்தில் ஆங்கிலேயரை நடுங்க வைத்த அம்மாவீரர், பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு படைக்கலச் சாலை அமைத்ததும் இவ்வூரில்தான். தம் அரசியல் வாழ்வின் முதற்படிகளை அவர் ஏறியது நம் பாறையில் என்று சொன்னால் மிகையாகாது.

கணவரை 1772-ல் காளையார்கோயிலில் பறிகொடுத்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பக்கமே. விருப்பாட்சியில் எட்டாண்டுகள் தங்கி, ஹைதர் அலியின் படையுதவியைப் பெற்று, 1780-ல் தம் சீமையை மீட்டார். அரசிக்கு உருது பேச வரும் என்பதைக் கேட்ட நம் மகள், "இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவே இல்லையே அத்தா" என்றாள். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் நாமும்தான் சொல்லவில்லை. 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமையே அவர்கள் கைக்குப் போயிற்று. அவர்களை எதிர்த்துக் கிளர்ந்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார்.

முதலில் பேகம்பூர் சென்றோம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருக்கும் இடம் அது. அந்த அம்மையாரின் பெயரால்தான் அப்பகுதிக்கே பேகம்பூர் என்று பெயர் வழங்குகிறது. பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். எத்தனையோ ஜும்ஆக்களை அங்கே தொழுதிருக்கிறோம். ஓர் அரசகுலப் பெண்மணி இந்த மண்ணில் உறங்குகிறார் என்ற நினைவோடு அங்கு நின்றது அன்றுதான் முதல் தடவை.

பிற்பகல் பூட்டுப் பட்டறை. திண்டுக்கல் பூட்டு என்றால் தெரியாதவர் இல்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பட்டறைகளோ வரவரக் குறைந்து கொண்டே வருகின்றன. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டு மலிவாகக் கிடைக்கும்போது, நாள் முழுதும் அரம் பிடித்து ஒருவர் செய்யும் பூட்டுக்கு விலை கொடுக்க யார் முன்வருகிறார்கள்? நாம் போன இடத்தில் முதியவர் ஒருவர் மட்டும் தரையில் அமர்ந்து நெம்புகளை ஒவ்வொன்றாக அராவிக் கொண்டிருந்தார். மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பேத்தியின் கையில் கொடுத்து, "திற பார்க்கலாம் தாயி" என்றார். சாவியும் கொடுத்தார். கால் மணி நேரம் முயன்றும் அவளால் இயலவில்லை. பக்கவாட்டில் மறைந்திருந்த ஒரு பித்தானை அவர் நகத்தால் தள்ளிய பிறகே சாவித் துவாரம் வெளிப்பட்டது. அவள் கைதட்டிய ஓசையில் அவர் முகம் மலர்ந்ததே, அதைக் காண வேண்டும். பிள்ளைகள் எங்கே என்று விசாரித்தோம். இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்றார். அதற்கு மேல் நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குறைகளை மறைத்து ஊரைப் புகழ நமக்கு மனமில்லை. தோல் ஷாப்புகளின் கழிவு ஊரைச் சுற்றியுள்ள கிணறுகள் பலவற்றைக் கெடுத்தது. அத்தொழிலில் நம்மவர் பங்கு கணிசமானது என்பதால், அந்தப் பழியிலும் நமக்குப் பங்குண்டு. கோடையில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் காட்சியும் பழகிப் போன ஒன்றே.

இன்னொரு குறையும் உண்டு. நம் ஊர்ப் பொருள் பிறர் பெயரில் போவது. திருச்சிச் சுருட்டு என்று இங்கிலாந்து வரை பெயர் பெற்ற சுருட்டுக்குப் புகையிலை விளைந்தது பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்து மண்ணில்தான். (சுருட்டு நல்லதென்று நாம் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொல்கிறோம்.) பிரியாணி மட்டுமே ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு எட்டுத் திக்கும் செல்கிறது. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடைக்கு அவருடைய தலைப்பாகையே பெயராயிற்று. சீரகச்சம்பா அரிசியின் மணம் அப்படி! நம் வீட்டுப் பெண்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஒரு காலத்தில் இம்மாவட்டமே காயிதே மில்லத் அவர்களின் பெயரையும் தாங்கியிருந்தது. 1997-ல் மாவட்டங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டன.

வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குப் போனோம். பாறையிலேயே செதுக்கிய அகலமான படிகள். மாப்பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் நின்று, பீரங்கி வாய்க்கென மதிலில் விட்டிருக்கும் துவாரங்களைத் தடவிப் பார்த்தார். "மாமா, அங்கே இதில் பாதி இருந்தால் வழிகாட்டி, புத்தகம், நுழைவிடத்தில் காட்சிசாலை எல்லாம் வைத்திருப்பார்கள்" என்றார். நம்மைப் புண்படுத்தச் சொன்னதல்ல. ஆயினும் சுருக்கென்றது.

பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. "நீங்கள் போய் வாருங்கள்" என்று ஒரு படியில் அமர்ந்துகொண்டோம். பேத்தி ஓடி ஏறினாள். பதினான்கு வயதில் அத்தா நம்மை இழுத்துக் கொண்டு ஏறியதும், அவருக்கு மூச்சு வாங்கியதும், நாம் பொறுமையின்றி முந்திச் சென்றதும் நினைவுக்கு வந்தன. கீழே ஊர் விரிந்து கிடந்தது. தெற்கே சிறுமலை நீலமாக நின்றது. பேகம்பூர்ப் பக்கமிருந்து அஸர் பாங்கு எழுந்து பாறையில் மோதித் திரும்பியது. சற்று நேரத்தில் மேலே மதிலோரம் ஒரு சிறு உருவம் தோன்றிக் கையசைத்தது. உச்சியிலுள்ள, மூலவர் இல்லாத பழைய கோயிலையும், மருந்துக் கிடங்கையும், படைவீரர் அறைகளையும் பார்த்துவிட்டு வந்து, நாம் காணாதவற்றையெல்லாம் நமக்கு அவள் விவரித்துக் கொண்டே இறங்கினாள்.

அவர்கள் ஊர் திரும்பி இரண்டு மாதங்களாகின்றன. கொடைக்கானல் போகவே இல்லை. மாங்காய்ப் பூட்டு ஒன்று லக்சம்பர்க் போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் தன் வகுப்பாருக்கு அதைத் திறந்து காட்டப் போகிறாளாம். அத்துடன் தன் நன்னாவின் ஊரைப் பற்றியும் பேச வேண்டுமாம். நேற்றிரவு தொலைபேசியில், "நன்னா, மலைக்கு மொத்தம் எத்தனை படி?" என்று கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. நாளைக் காலை வெயில் ஏறுமுன் போய் எண்ணிச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம். முழங்கால் என்ன சொல்லப் போகிறதோ!