வெம்மை தணியும் காலம்

மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், சமயபுரத்து மாரியம்மன் தன் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்நாட்களில் துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர் ஆகியவையே அவளுக்கு நைவேத்தியம். உலகின் வெம்மை தணிய அன்னையே குளிர்ந்த ஆகாரம் கொள்கிறாள்.

பெண்ணின் உடலிலும் அத்தகைய கோடை ஒன்று வருவதுண்டு. மாதவிலக்கு நிற்கும் பருவம் அது. நம் இல்லங்களில் இதனை வாய்விட்டுப் பேசும் வழக்கம் இல்லை. மகளும் மருமகளும் அவ்வயதை எட்டியுள்ள இந்நாளில், மூத்தவர்களாகிய நாம் பேசாவிடில் வேறு யார் பேசுவார்?

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். தொடர்ந்து 12 மாதங்கள் விலக்கு வராதிருந்தால் நின்றுவிட்டதாகக் கொள்வர். ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் திடீரென முகமும் மார்பும் கொதிக்கும்; சில நிமிடங்களில் வியர்த்து அடங்கும். உறக்கம் கலையும்; காரணமின்றிச் சினம் எழும்; எலும்பின் வலிமையும் குறையத் தொடங்கும்.

எனக்கு 49ஆம் வயதில் இது தொடங்கியது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பாலில் காய்ச்சி, இரவுதோறும் என் மாமியார் கொடுத்தார். மண்பானை நீரில் வெட்டிவேர் இட்டார். எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் அடிக்கடி செய்தார். காபியையும் காரத்தையும் நான் குறைத்துக்கொண்டேன். மாலையில் பிராகாரத்தை வலம் வந்தேன். சில மாதங்களில் உறக்கம் திரும்பியது. கிழங்கினாலா, காபி குறைந்ததாலா, அம்பாளின் அருளாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. இம்மூலிகைகள் இந்த வெம்மையைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை. ஆயினும் எள்ளும் உளுந்தும் நல்ல உணவு. அளவோடு உண்பதில் பெரும்பாலோர்க்குக் குறைவொன்றும் இல்லை.

ஆனால் கஷாயத்தை நம்பிக் காலம் தாழ்த்தலாகாத இடம் ஒன்றுண்டு. என் நாத்தனாருக்கு விலக்கு நின்று இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டது. வெட்கத்தால் ஒருவரிடமும் சொல்லாமல் அசோகப் பட்டைக் கஷாயம் அருந்தி வந்தார். வெள்ளி தவறாமல் சந்நிதிக்கு வருபவர், தொடர்ந்து மூன்று வாரங்கள் வரவில்லை. நான் வற்புறுத்திக் கேட்டபோதுதான் கண்கலங்கிச் சொன்னார். மறுநாளே பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கருப்பையின் உட்சுவரில் புற்று தொடக்க நிலையில் இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இன்று நலமாக இருக்கிறார்.

பிறகு ஒன்று தெரிய வந்தது. அவர் காய்ச்சியது தெருவோரத்து நெட்டிலிங்கத்தின் பட்டை. நெடிதுயர்ந்த அம்மரத்தையும் பலர் அசோகம் என்றே அழைக்கின்றனர். சீதாப்பிராட்டி சிறையிருந்த வனத்தின் அசோகமோ செம்பொன் நிறத்தில் கொத்துக்கொத்தாய்ப் பூப்பது. உண்மையான அசோகப் பட்டையே ஆயினும், விலக்கு நின்றபின் வரும் உதிரத்திற்கு அது விடையாகாது. ஒரு துளி கண்டாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

பிற மூலிகைகளிலும் விழிப்பு தேவை. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். தைராய்டு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அமுக்கராவைத் தொடலாகாது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் எந்த லேகியத்தையும் தாமாக உண்ணுதல் கூடாது.

அன்னை அளித்த உடலில் எப்பருவமும் இழிவன்று. அதனைப் பேசுவதும் பாவமன்று. சந்நிதியிலிருந்து திரும்பும் வழியில், உங்கள் மருமகளிடம், "இரவில் நன்றாக உறங்குகிறாயா, அம்மா?" என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்வாள்.