காலிக் கட்டம்

நான் எழுதுகிற மேஜைக்கு எதிரே உள்ள சுவரில் இத்தனை நாள் ஒரு தினசரிக் காலண்டர் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் என் பெண் அதைக் கழற்றிச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, அதே ஆணியில் தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையை மாட்டிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதாம். வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிற சுவர் இது ஒன்றுதானாம். கதாநாயகி அடுத்தபடி என்ன சொல்லப் போகிறாள் என்று யோசித்துக்கொண்டே நான் நிமிர்ந்தால், எதிரே 118 கட்டங்கள் என்னைப் பார்த்து விழிக்கின்றன.

பழைய பகையாளி உறவு கொண்டாடிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதில் ரசாயனத்தில் வாங்கிய மார்க்கை இங்கே எழுதலாம். ஆனால் என் பெண் இதையெல்லாம் படிக்கிறாள்.

ஆரம்பத்தில் அந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஆசைதான். ஆசிரியர் முதல் நாள் அட்டவணையை விரித்து மாட்டி, மெண்டலீவ் என்ற ருஷியர் தனிமங்களை அணு எடை ஏற ஏற வரிசையாக வைத்தார் என்று சொன்னார். நான் எடைகளின் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் தடுக்கியது. டெல்லூரியத்துக்கு 127.6, அடுத்த கட்டத்தில் அயோடினுக்கு 126.9. எழுந்து நின்று, "சார், எடை குறைந்தது பின்னால் வந்திருக்கிறதே?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அப்படித்தான். எழுதிக்கொள்" என்றார். வகுப்பு சிரித்தது. உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த வகுப்பில் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, பாடத்தையும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் என் பெண் அட்டவணையின் முன் நின்றுகொண்டு, "அப்பா, 52, 53 என்று எண் ஏறுகிறது, எடை மட்டும் இறங்குகிறதே, ஏன்?" என்றாள். விரல் அயோடின் மேல் இருந்தது. 'அது அப்படித்தான்' என்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிக்கொண்டு, "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அன்று ராத்திரி கதாநாயகியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, மெண்டலீவைத் தேடிப் போனேன்.

போனவன் முதலில் அவருடைய தாயாரிடம்தான் அகப்பட்டுக்கொண்டேன். ஸைபீரியாவில் டொபோல்ஸ்க் என்கிற ஊர். 1834-இல் பிறந்த கடைக்குட்டி இந்தப் பையன். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைவர். அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. அந்த அம்மாள் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்று நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். கணவர் போனார், மறு வருஷம், 1848-இல், தொழிற்சாலையும் தீயில் போயிற்று. மிச்சம் இருந்ததை மூட்டை கட்டிக்கொண்டு பையனோடு மாஸ்கோவுக்குப் புறப்பட்டாள். வழியோ 2,000 கிலோமீட்டருக்கு மேல். மாஸ்கோவில் இடம் இல்லை என்றுவிட்டார்கள். பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனாள். 1850-இல் அங்கே ஆசிரியப் பயிற்சி நிலையத்தில் பையனைச் சேர்த்தாள். அதே வருஷம் கண்ணை மூடினாள். ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால், 'அளவுக்கு மீறிய சோகம்' என்று பத்திரிகையில் கடிதம் போடுவார்கள்.

மெண்டலீவ் அட்டவணை போட்டது 1869 மார்ச் 1-ஆம் தேதி. அவர்கள் பழைய காலண்டர்படி பிப்ரவரி 17. பாலாடைக் கட்டி செய்கிற பண்ணைகளைப் பார்வையிடக் கிளம்ப வேண்டிய சமயம் அது. அது சம்பந்தமாக வந்த கடிதத்தின் முதுகிலேயே தனிமங்களின் எடைகளைக் கிறுக்கிப் பார்த்திருக்கிறார். வீட்டுக் கணக்கை மளிகைக் கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிற நமக்கு இது ஆறுதலான சமாசாரம்.

அப்போது தெரிந்திருந்த தனிமங்கள் 63. அவற்றை எடைப்படி நிறுத்தினால் சுபாவம் திரும்பத் திரும்ப வருகிறது. சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ச ரி க ம ப த நி பாடி முடித்தால் மறுபடி ச, உயரம் வேறு, ஆனால் அதே ச. லித்தியத்தில் தொடங்கி அந்தக் காலத்துக் கணக்கில் எண்ணினால் எட்டாவது சோடியம். இரண்டும் கத்தியால் வெட்டக்கூடிய மெத்தென்ற உலோகம். இரண்டும் தண்ணீரைக் கண்டால் சீறும். இன்னும் ஒரு சுற்றுப் போனால் பொட்டாசியம். அது தண்ணீரில் பட்டதும் தீயே பற்றிக்கொள்ளும். நியூலண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865-லேயே இதை ஸ்வரக் கணக்காகவே சொன்னார். மறு வருஷம் லண்டன் ரசாயனச் சங்கத்தில் ஒருவர் எழுந்து, அகர வரிசைப்படி அடுக்கிப் பார்த்தீர்களா என்று கேலி செய்தார். அங்கேயும் சிரித்திருப்பார்கள்.

நியூலண்ட்ஸ் 'எட்டு, எட்டு' என்று எல்லாவற்றையும் நெருக்கி உட்காரவைத்தார். மெண்டலீவோ சுபாவம் பொருந்தாவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். விட்டதோடு நிற்கவில்லை. அலுமினியத்துக்கு அடுத்த காலிக் கட்டத்துக்கு 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார். ஆமாம், நம்முடைய ஸமஸ்கிருத 'ஏக'மேதான். இன்னும் யாரும் கண்ணால் பார்க்காத அந்தப் பொருளின் எடை 68, அடர்த்தி 5.9 என்று ஜாதகமும் கணித்தார்.

1875-இல் லெகோக் த புவாபோத்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகத் தாது ஒன்றிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்து, காலியம் என்று பெயரிட்டார். உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடுகிற விசித்திர உலோகம். அடர்த்தி 4.7 என்று அளந்தார். மெண்டலீவ் அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் 5.9 இருக்க வேண்டும், சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார்! பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அந்த நல்ல மனிதர் சுத்தம் செய்து மறுபடி அளந்தார். 5.9 இருந்தது. பிறகு 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மேனியமும் தங்கள் தங்கள் நாற்காலியைத் தேடி வந்து உட்கார்ந்தன.

இனி அயோடினுக்கு வருகிறேன். மெண்டலீவுக்கும் அந்த இடம் இடித்திருக்கிறது. அயோடினுக்குக் குளோரின், புரோமின் வகையறாவின் சுபாவம். எடையைப் பார்த்து இடத்தை மாற்றினால் குடும்பம் சிதறிவிடும். ஆகவே சுபாவத்தை நம்பி டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். எடையை அளந்தவர்கள்தான் தவறு செய்துவிட்டார்கள் என்றார். அளந்தவர்கள் தவறு செய்யவில்லை. இடம் சரி, காரணம் தப்பு. 1907-இல் அவர் இறக்கும்வரை சரியான காரணம் யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டது மோஸ்லி என்ற ஆங்கில வாலிபர். 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒவ்வொரு தனிமமாகச் சோதித்தபோது, ஓர் எண் ஒன்று ஒன்றாகப் படியேறுவதைப் பார்த்தார். வரிசைக்கு ஆதாரம் எடை அல்ல, அணுவின் கருவில் உள்ள மின்னேற்றம். இப்போது சொல்வதானால் புரோட்டான்களின் எண்ணிக்கை. டெல்லூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. டெல்லூரியத்தின் கருவில் மின்னேற்றமில்லாத நியூட்ரான்கள் சராசரியில் அதிகம்; அதனால்தான் அந்தக் கனம். இரண்டு வருஷத்துக்குள் யுத்தம் வந்தது. மோஸ்லி தாமாகவே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்டில் கலிபோலிப் போர்முனையில் குண்டு பட்டு இறந்தார். வயது 27.

மறுநாள் இதையெல்லாம் என் பெண்ணிடம் சொன்னேன். மோஸ்லி இறந்ததைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மெண்டலீவ் தப்பான காரணம் எழுதியிருக்கிறாரே, எங்கள் பரீட்சையில் அவருக்கு எத்தனை மார்க் போடுவார்கள்?" என்றாள். 1906-இல் நோபல் பரிசே அவருக்குக் கிடைக்காமல் நழுவிவிட்டது என்றேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை.

கடைசி நான்கு தனிமங்களுக்கு 2016-இல் பெயர் வைத்ததோடு ஏழாவது வரிசை நிரம்பிவிட்டது. இப்போது அட்டவணையில் ஓட்டை ஒன்றும் கிடையாது. இன்று காலை எழுத உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். இடது ஓரத்தில் பிரான்ஸியத்துக்குக் கீழே, அச்சடித்த கோட்டுக்கு வெளியே, பென்ஸிலால் கோணலாக ஒரு கட்டம் போட்டிருந்தது. மூலையில் 119 என்று எழுதி, மற்றதைக் காலியாக விட்டிருந்தாள்.