சிவக்காத கண்

மாகறலில் நம்மிடம் ஓத வரும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, சென்ற ஆண்டு எழுத்துகளைத் தவறவிடத் தொடங்கினாள். 'பே'யைத் 'தே' என்றாள். 'தே'யை 'ஸே' என்றாள். மூன்றுக்கும் உருவம் ஒன்றே. நுக்தா என்னும் புள்ளிகளே வேறுபாடு. கவனக்குறைவு என்றெண்ணிக் கடிந்துகொண்டோம். காலை வேளைகளில் முழங்கால் வீங்கி அவள் நொண்டி வந்ததையும் விளையாட்டில் பட்ட அடியென்றே கருதினோம்.

பட்டுத் தறியில் உழைக்கும் அவள் தந்தை, காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினார். முழங்காலைப் பார்த்த மருத்துவர், கண்ணைச் சோதிக்கும்படி சென்னைக்கு அனுப்பினார். "கண் சிவக்கவில்லை, வலிக்கிறதென்றும் சொல்லவில்லையே, ஹஜ்ரத்! காலுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?" என்று அவர் கேட்டபோது மறுமொழி கூற நம்மிடம் கல்வி இல்லை. துணைக்கு நாமும் சென்றோம்.

சிறார் மூட்டழற்சி கண்ட குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் உள்ளேயும் அழற்சி உண்டாகும். பெரும்பாலும் சிவப்போ வலியோ இராது. கவனியாவிடில் கண்புரையும் கண்ணழுத்தமும் தொடர்ந்து, பார்வையே போகக்கூடும் என்று அங்கே கேட்டறிந்தோம். அழற்சி காணும் படலத்திற்கு 'யூவியா' என்று பெயர். அச்சொல் நமக்குப் புதியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கண் மருத்துவத்தை அரபியில் எழுதியபோது, அப்படலத்தை 'இனபிய்யா', அதாவது திராட்சை போன்றது, என்றனர். அந்நூல்களை லத்தீனாக்கியோர் அப்பொருளிலேயே 'யூவியா' என்றனர். பெயரை அறிந்திருந்த நாம் நோயை அறியாதிருந்தோம்.

மருத்துவர் முதலில் பிளவு விளக்கால் பார்த்தார். 1 மில்லிமீட்டர் சதுர ஒளிக்கற்றைக்குள் மிதக்கும் அழற்சி அணுக்களை எண்ணி நோயின் கடுமையை மதிப்பிடுவார்கள். ஆனால் குழந்தை அசையும். எண்ணுபவருக்கு எண்ணுபவர் கணக்கும் மாறும். ஆகவே ஓ.சி.டி. கருவியையும் பயன்படுத்தினார்கள். 1991இல் அமெரிக்க அறிஞர்கள் உலகுக்கு அறிவித்த முறை அது. ஊசி இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. கண்ணுக்குள் செலுத்திய ஒளி திரும்பி வருவதைக் கொண்டு, விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கினும் சிறிய வீக்கமும் புலப்படும். கண்ணின் முன்பகுதியைப் படமெடுத்தால், அங்குள்ள நீரில் மிதக்கும் அணுக்கள் வெண்புள்ளிகளாய்த் தெரியும்.

அவள் காணத் தவறிய புள்ளிகளுக்காக நாம் கடிந்தோம். நாம் காணத் தவறிய புள்ளிகள் அத்திரையில் தெரிந்தன.

குழந்தைகளின் கண்ணழற்சிக்குக் காரணம் மூட்டு நோய் மட்டுமன்று. ஊர்க் குளங்களில் நீராடிய தென்னாட்டுக் குழந்தைகளுக்கு ஒருவகை ஒட்டுண்ணிப் புழுவால் நேர்ந்ததெனக் கருதப்படும் அழற்சியை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 2002இல் ஆய்வாக வெளியிட்டனர்.

சிறுமிக்குச் சொட்டு மருந்தும் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மருந்தும் தரப்பட்டன. மூன்று திங்களுக்கொருமுறை படமெடுத்து ஒப்பிடுகிறார்கள், வீக்கம் வடிந்துவிட்டது. எனினும் வலக்கண்ணின் பாவை இன்று வட்டமாக இல்லை. தாமதத்தின் தழும்பு அது. அத்தாமதத்தில் நமக்கும் பங்குண்டு.

பெற்றோரே! மூட்டு வீங்கிய குழந்தையின் கண்ணை, அது தெளிவாகத் தோன்றினாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். நாமோ இப்போது எழுத்தைத் தவறவிடும் பிள்ளையிடம் முதலில் ஒன்றே கேட்கிறோம்: "தெரிகிறதா, அம்மா?"