பேராசிரியர் அஸ்மி ஷாரோமுக்குக் கேமரன் மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவள் நான். உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி பத்து ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சிலேயே கிடக்கிறது. இனியும் தள்ளிப்போட மனமில்லை.

2014 ஆகஸ்டில் சிலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) பதவிக்கு இழுபறி நடந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று 'மலாய் மெயில்' நாளிதழ் உங்களிடம் கேட்டது. 2009இல் பேராக்கில் ஆட்சி மாறிய விதம் சட்டப்படி தவறு, அந்த வழி மறுபடி வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னீர்கள். சட்டம் கற்பிக்கும் ஒருவர் வேறென்ன சொல்வார்? செப்டம்பர் 2ஆம் தேதி தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் உங்கள்மீது குற்றம் சாட்டினார்கள்.

பேராக் எங்களுக்குத் தூரத்து ஊரில்லை. மலையின் மறுபக்கம் இறங்கினால் ஈப்போ. சொந்தபந்தம் பாதி அங்கேதான். 2009இல் அங்கே மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாற, நிஜார் ஜமாலுடின் ஆட்சி போய் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி பெசார் ஆனார். மே 7ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமாரை நாற்காலியோடு அவையிலிருந்து இழுத்துப் போனார்கள். வயிறு எரிந்தது. எது சரி என்று கேட்டால் கட்சிக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறாமல் ஒரு மந்திரி பெசாரை இறக்க முடியுமா? கேள்வி இவ்வளவுதான். 1966இல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், அவையின் வாக்கு வேண்டும் என்றது நீதிமன்றம். 2010 பிப்ரவரியில் பேராக் வழக்கில், பெரும்பான்மை போனதை வேறு வழியிலும் அறியலாம் என்றது கூட்டரசு நீதிமன்றம். தீர்ப்பு வந்த பிறகும் அது சரியா என்று கேட்பவர் யாராவது வேண்டும். அந்த வேலையைத்தான் நீங்கள் செய்தீர்கள்.

உங்கள்மீது வழக்கு வந்ததும் ஒதுங்கிப் போகவில்லை நீங்கள். தேச நிந்தனைச் சட்டத்தையே கேள்வி கேட்டீர்கள். 1948இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சட்டம் அது. பேச்சுரிமைக்கு வரம்பு போடும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுக்கிறது, இதை நாடாளுமன்றம் இயற்றவில்லையே என்பது உங்கள் வாதம். 2015 அக்டோபர் 6ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் அரசுத் தரப்பே குற்றச்சாட்டைக் கைவிட்டது. தோற்ற வாதம்தான். ஆனால் 10ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பதே அந்த வழக்குச் செய்திகளைப் படித்துத்தான் எங்கள் லயத்தில் பலருக்குத் தெரிந்தது.

உங்களுக்கு முன்பே, 2011இல், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அப்துல் அஜீஸ் பாரி ஊடகத்தில் சொன்ன கருத்துக்காகப் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் பேசினீர்கள். ஷாட் சலீம் ஃபாருக்கி ஆண்டுக்கணக்கில் 'தி ஸ்டார்' நாளிதழில் அரசியலமைப்பை ஒவ்வொரு வாரமும் பிரித்துப் பிரித்து எழுதினார். அவருக்கும் இந்த நன்றி சேரட்டும்.

தோட்டத்தில் ஒருவர் வழக்கறிஞரைத் தேடிப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், பிறகு கட்டணம். பத்திரிகையில் வரும் பேராசிரியரின் விளக்கத்துக்கு அந்தச் செலவு இல்லை. ஒட்டுக்கடையில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை படித்துத் தமிழில் சொல்லும். மற்றவர்கள் கேட்டுக் கேள்வி கேட்பார்கள். 2018 பொதுத் தேர்தலில் எங்கள் கேமரன் மலைத் தொகுதியில் 597 வாக்கு வித்தியாசத்தில் வந்த வெற்றியை, வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் நவம்பர் 30ஆம் தேதி ரத்து செய்தபோது, அந்தக் கடையில் நடந்த வாதம் ஒரு சட்டக் கல்லூரி வகுப்புக்குக் குறைந்ததில்லை. நீங்கள் பின்னர் தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவர் ஆனதில் எங்களுக்கு நிறைவு.

அப்படிக் கேட்டறிந்தவற்றில் குடியுரிமை விஷயம் இன்னும் ஆழமாகத் தொட்டது. என் பாட்டி ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடுதான் கண்ணை மூடினார். நிரந்தரவாசிக்கு இந்த மண்ணில் பிறந்த பிள்ளை சட்டப்படியே குடிமகன் என்ற ஏற்பாட்டால்தான் என் அம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீதி செய்த அதே திருத்தம், சிவப்பு அட்டைக்காரர் வீட்டில் இனிமேல் பிறக்கும் பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறது. சட்டம் தெரிந்தவர்கள் விளக்கி எழுதிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் பலர் தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஓரம் கிழிந்த பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் தகுதி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள்.

ஐயா, தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் துணிவுக்கு நன்றி சொல்வதோடு, ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இது நம் பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்பிக்கும் தமிழர்களுக்கு. பேராசிரியர்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுகிறார்கள். நாங்கள் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கிறோம். சட்டம் கற்பிக்கும் தமிழர்களே, நீங்கள் தமிழ் நாளிதழ்களில் மாதம் ஒரு பத்தியாவது எழுதுங்கள். குடியுரிமையிலிருந்து தொடங்குங்கள்.


கேமரன் மலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி